சத்தமில்லாமல் சாத்தியது

அன்புத் தங்கைக்கு,

நேற்று போனில், "என் கிளாஸ் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சுடி" என்றேன். அது பொய்யில்லை.

தலைமையாசிரியர் பதவிக்குப் பயிற்சி என்று அதிகாரிகளுக்கு வால் மாதிரி உங்கள் பள்ளிக்கு வந்தேனே, வாயைத் திறக்காமல் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அங்கே என் வேலை. நீ என் தங்கை என்று அவர்களிடம் சொல்லவில்லை. சிபாரிசுக்கு வந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

காரிலேயே பெரிய அதிகாரி சொல்லிவிட்டார்: "இங்க ஆள் குறைக்கணும். பிள்ளைங்க முன்னாடி அதைப் பேசிக்க முடியாது. யாரு வேண்டாமோ, அவங்க வகுப்புக் கதவைச் சாத்திட்டு வந்துருவோம். மத்ததெல்லாம் திறந்தே கிடக்கட்டும்."

நாங்கள் உன் வகுப்புக்குள் வந்தபோது நீ நிலநடுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். மேசையைப் பிடித்து நீ ஆட்டிய ஆட்டில் சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், என்னையும் அறியாமல் நானும் சிரித்தேன். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. "ஒரே கூச்சல்" என்று முணுமுணுத்தபடி வெளியே போனார். வால் கடைசியில்தானே வரும்? வராந்தாவிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், கதவு" என்றார்.

வெளிச்சத்தம் உனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று நானாகச் சாத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். உதட்டை மட்டும் அசைத்து, "தேங்க்ஸ்க்கா" என்றாய்.

நானும் சத்தம் வராமல்தான் சாத்தினேன்.

திங்கட்கிழமை உங்கள் தலைமையாசிரியர் கூப்பிட்டால் தனியாகப் போகாதே. என் வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அக்கா