கழிக்கக் கூடாத எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? மறைக்காமல் எழுதுங்கள்.

நேற்று ஆபீசில் ஒரே கூத்து. நிறங்களைக் கூட்டிக் கழிக்க நான் புரோகிராம் எழுதுகிறேன் அல்லவா? சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்தால் கறுப்பு வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிறத்தோடும், அது கெட்டியாகத் தெரிய வேண்டுமா, கண்ணாடி மாதிரியா என்று சொல்ல ஓர் எண் உண்டு. நான் அதையும் சேர்த்துக் கழித்துவிட்டேன். அது பூஜ்யமானால் முழுக் கண்ணாடிதான்; எல்லார் முன்னாலும் திரையில் படமே மறைந்துவிட்டது!

“கறையை எடுக்கச் சொன்னா சட்டையையே கரைச்சிட்டியேம்மா!” என்று மேனேஜர் தலையில் கைவைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். நிறத்தில் என்ன கணக்குப் போட்டாலும் இனி அந்த எண்ணைத் தொடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. பயப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றுமில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் பிடிக்கவில்லை.

இன்னொன்று. வீடியோ காலில் அம்மாவைக் காட்டுகிறீர்கள், புது வாஷிங் மெஷினைக் காட்டுகிறீர்கள். உங்களில் எனக்குத் தெரிவது ஓரத்தில் கட்டைவிரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டு, நீங்களும் வந்து அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாலு