அந்தக் கடுதாசி கப்பலை விட்டு வெளியில போகாது

லூபெக்
18 மே 2025, ஞாயிறு

அன்பான மகள் மிதுசாவுக்கு,

ஆண்டவர் விட்ட வழியில நானும் அப்பாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறம், அப்பாவின்ர முழங்கால் மட்டும் படி ஏறமாட்டன் எண்டு நிக்குது. மெல்பேணில நீயும் அபிராமும் சின்னவளும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன், உங்க இப்ப குளிர் துவங்கியிருக்கும், சின்னவளைக் காதை மூடித்தான் வெளியில கொண்டு போ. கையால எழுதின கடிதத்தைக் கண்டவுடன ஏதோ சாவு எண்டு பயப்பிடாதை. போனில சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. மாதத்தில பாதி நான் கப்பலில, கப்பலின்ர வைஃபை கொம்பனியின்ர வைஃபை, அதில கதைச்சது எங்க போய்ச் சேரும் எண்டு ஆருக்குத் தெரியும். வீட்டில இருந்து கதைச்சால் அப்பா பக்கத்தில இருந்து கேப்பார், கேட்டதை டுசல்டோர்ஃப் மாமிக்குச் சொல்லுவார், மாமி குடும்பக் குறூப்பில போட்டுவிட்டால் ஒரு மணித்தியாலத்தில கனடா வரைக்கும் தெரிஞ்சிடும். அதால இதை வாசிச்சுப்போட்டு உன்னோடயே வைச்சிரு.

பங்குனியில கொம்பனி ஏதோ கடுதாசி நீட்டுது எண்டு நான் உனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கும். நீ உடன, கையெழுத்தைப் போட்டிட்டு வேலையை விட்டிட்டு வாங்கோ அம்மா, எங்களோட இருங்கோ எண்டனீ. உண்மையைச் சொன்னால் எனக்கு உன்னிலயும் சந்தேகம் வந்தது. சின்னவளைப் பாக்க ஆள் வேணும் எண்டு அபிராம்தான் உனக்குச் சொல்லித் தந்திருப்பார் எண்டு நினைச்சனான். கோவிக்காதை பிள்ளை, அந்த மாதம் நான் ஒருத்தரையும் நம்பேல்லை, அதில ஒரு பிழையும் விட்டிட்டன். அதைத்தான் உனக்கு எழுதவேணும் எண்டு இருந்தனான்.

பங்குனி முதல் கிழமை லீவு முடிஞ்சு வேலைக்குப் போறன், ட்ராவமுண்டே துறைமுகத்தில கப்பல் கட்டி நிக்குது, பின்பக்கத்தில ரெண்டு பேர் தட்டுப்பலகையில தொங்கிக்கொண்டு எழுத்தைச் சுரண்டுறாங்கள். கப்பலின்ர பேருக்குக் கீழ லூபெக் எண்டு ஊர்ப்பேர் இருக்கும், கப்பல் எந்த நாட்டில பதிஞ்சது எண்டு அதை வைச்சுத்தான் தெரியும். அந்த ஊர்ப்பேர் பாதி போயிட்டுது. கீழ தரையில புது எழுத்து அச்சுகள் மண்ணிறத் தாளில சுத்தி வைச்சிருக்கு. என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டன், பெயின்ற் அடிக்கிறம் எண்டான் ஒருத்தன். பெயின்ற் அடிச்சது போன வருசம்தான், எனக்குத் தெரியாதே, அந்த மணத்தில மூண்டு நாள் தலையிடியோட கபின் துப்பரவாக்கினவள் நான்.

அடுத்த நாள் லூக்காஸ் வந்தார். ஆக்களை எடுக்கிறது விடுறதெல்லாம் பாக்கிற கந்தோர் ஆள், இளம் ஆள், நல்ல சிரிப்பு. கையில ரெண்டு தட்டு அப்பிள் கேக். பத்தொன்பது வருசமாய் என்ர பேரைக் கடிச்சுத் துப்பின கொம்பனி, அவர் மட்டும் அந்தோனிப்பிள்ளை எண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார், அப்பாவின்ர முழங்கால் எப்பிடி எண்டும் கேட்டார். ஏதோ வாங்கத்தான் வந்திருக்கிறார் எண்டு அப்பவே நினைச்சன். சாப்பாட்டு அறையில எல்லாருக்கும் கேக்கைக் குடுத்திட்டு ஒவ்வொருத்தராய்ச் சாமான் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டு, வேலை அதேதான், கபின் அதேதான், கடலும் அதேதான், ஒப்பந்தம் மட்டும் புதுசு எண்டார். நாலு பக்கம். நான் கண்ணாடி போடாமல் தூரப் பிடிச்சு மெல்ல மெல்ல வாசிச்சன். முதல் பக்கத்தில நானும் கொம்பனியும் மனமொத்து என்ர பழைய வேலையை முடிக்கிறமாம். ரெண்டாம் பக்கத்தில எங்கயோ ஒரு தீவில இருக்கிற ஏஜென்சி என்னைப் புதுசாய் எடுக்குதாம். மனமொத்து எண்ட சொல்லை நான் திரும்பத் திரும்பப் பாத்தன், ஆற்ர மனம் எண்டு விளங்கேல்லை. வீட்டை கொண்டு போய் வாசிச்சுத் தாறன் எண்டன். சிரிப்பு மாறேல்லை, ஆனால் சொன்னார், "அந்தக் கடுதாசி கப்பலை விட்டு வெளியில போகாது. இண்டைக்குப் போட்டால் போனஸ், நாளைக்கு எண்டால் வேலை இருக்குமோ எண்டு நான் சொல்ல ஏலாது." நான் கண்ணாடி கொண்டு வரேல்லை, மிச்சத்தை வாசிக்க ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லி எழும்பிட்டன். கண்ணாடி என்ர ஏப்ரன் பொக்கற்றுக்குள்ளதான் இருந்தது. வெளியில வரேக்க, மிச்சக் கேக்கை அப்பாவுக்குக் கொண்டு போ எண்டு ஒரு பொட்டலம் கையில திணிச்சார், வேண்டாம் எண்டால் முகத்தைப் பாத்துப் பொய்யைக் கண்டுபிடிச்சிடுவார் எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

எங்கட கப்பலில வேலையாட்களின்ர சபை ஒண்டு இருந்தது, அதில சாண்ட்ரா எண்டு ஒருத்தி, வரவேற்பு மேசையில நிக்கிறவள், றொஸ்ரொக் ஊர் ஆள். அந்தக் கிழமை அவள் மூண்டு தரம் லூக்காசின்ர அறைக்குள்ள போய்ப் பைலோட வெளியில வந்ததை நான் கண்டனான். ரெண்டு நாள் கழிச்சு அவளே எங்கட உடுப்பு அலுமாரிகளுக்குப் பக்கத்தில ஒரு அறிவித்தல் ஒட்டினாள், வியாழன் பத்து மணிக்குத் துறைமுகத்து மாலுமிகள் மண்டபத்தில கூட்டம், வழக்கறிஞர் வாறா எண்டு. எனக்கு உடன பட்டது, ஆர் ஆர் எதிர்க்கினம் எண்டு பேர் எடுக்கத்தான் இந்தக் கூட்டம், இவள் அவங்கட ஆள் எண்டு. அப்பிடி நினைச்சதோட நிண்டிருந்தால் பரவாயில்லை, நான் அதைப் பேர்பெச்சுவாவுக்கும் சொல்லிப்போட்டன்.

பேர்பெச்சுவாவை உனக்குத் தெரியாது. மன்னார்ப் பிள்ளை, சமையலறையில ஆறு வருசமாய் வேலை, நொய்மூன்ஸ்ரரில மகளோட தனிய இருக்கிறாள், மகள் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங், வேலை பழகிக்கொண்டே படிக்கிற படிப்பு, செய்யிறாள். கப்பலில தமிழ் கதைக்க எனக்கு அவள், அவளுக்கு நான். அவளுக்கு ஜேர்மன் கதைக்க வரும், கடுதாசியில எழுதினது வராது. கூட்டத்துக்குப் போவமோ அக்கா எண்டு கேட்டாள். அந்தப் பக்கமே போகாதை, சாண்ட்ரா பேர் எழுதிக் குடுக்கிறதுக்குத்தான் கூப்பிடுறாள் எண்டு சொன்னனான். ஓம் அக்கா எண்டிட்டு வெங்காயம் வெட்டப் போனாள்.

ஆனால் நான் போனன். ஆர் ஆர் வருகினம், சாண்ட்ரா என்ன செய்யிறாள் எண்டு பாக்கத்தான் போனது, கடைசி வாங்கில, கோட்டும் கழட்டாமல். அங்கதான் எல்லாம் தெரிஞ்சது. வந்த வழக்கறிஞர் சொன்னா, கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள்ள வரும், முதலாளி ஹம்பேர்க்கில இருப்பார், கப்பல் சுவீடனுக்கும் இஞ்சைக்கும்தான் ஓடும், ஆனால் கொடியை மட்டும் தூரத்தில ஒரு நாட்டில போய்ப் பதிவினம், ஏனெண்டால் அங்க வேலையாட்களுக்கான சட்டம் இளக்கம், வந்து பாக்கிற ஆளும் இல்லை. கொடியை மாத்துறது கொம்பனியின்ர விருப்பம், ஆனால் நீங்கள் ஜேர்மன் சட்டப்படி எழுதின ஒப்பந்தம் கொடியோட சேந்து தானாய் மாறாது, அதை முடிக்க உங்கட கையெழுத்து வேணும், அதுக்குத்தான் அவர் கேக்கோட வந்தவர் எண்டா. புது ஒப்பந்தத்தையும் வாசிச்சுக் காட்டினா. ரெண்டு கிழமை வேலை ரெண்டு கிழமை லீவு எண்டது போய் பத்துக் கிழமை ஒரேயடியாய்க் கப்பலில, லீவுக்குச் சம்பளம் இல்லை, ஆறு மாதம் திரும்பவும் பழகுற ஆள் எண்டு கணக்கு, வழக்கு எண்டால் அந்தத் தீவின்ர நீதிமன்றத்துக்குப் போகவேணும். அந்தப் பிரதி அவவுக்கு எப்பிடிக் கிடைச்சது எண்டு நினைக்கிறாய். சாண்ட்ரா மூண்டு தரம் லூக்காசோட சண்டை பிடிச்சு, சபைக்குக் காட்டாமல் ஒரு கடுதாசியும் குடுக்க ஏலாது எண்டு நிண்டு எடுத்தது. பார், அவள் எண்டு எழுதிக்கொண்டு வந்தனான், இனி மரியாதையாய் அவ எண்டுதான் எழுதவேணும்.

கூட்டம் முடிய முதலே எழும்பி ஓடினன். பேர்பெச்சுவா சமையலறையில தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிண்டாள். என்ர முகத்தைப் பாத்தவுடன அவளே சொன்னாள், "அக்கா, அவர் காலமை ஒன்பதரைக்குத் திரும்பக் கூப்பிட்டவர். நான் போட்டிட்டன்." நான் பத்து மணிக்குப் போய் வாங்கில குந்தியிருக்கேக்க அவளின்ர ஆறு வருசம் போய் அரை மணித்தியாலம். ஏன் போட்டனி எண்டு கேட்டன். நீங்கள் கூட்டத்துக்குப் போகவேண்டாம் எண்டனீங்கள், வேற ஆரிட்டக் கேக்கிறது, மகளின்ர படிப்பு முடியும் மட்டும் எனக்கு வேலை வேணும் எண்டாள். அதை அவள் குறையாய்ச் சொல்லேல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு.

அண்டைக்கு மத்தியானமே சாண்ட்ராவிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னன், உன்னைக் கொம்பனியின்ர ஆள் எண்டு நினைச்சன், அதை ஒருத்திக்குச் சொல்லி அவளின்ர வேலையைக் கெடுத்துப்போட்டன் எண்டு. அவ கணினியை மூடிப்போட்டு என்ர பக்கம் திரும்பினா. பிறகு, "நானும் உன்னை அப்பிடித்தான் நினைச்சன். நீ கேக் பொட்டலத்தோட அவற்ர அறையால வந்தனி" எண்டா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரேல்லை. லூக்காஸ் ஒண்டும் செய்யாமலே எங்களைப் பிரிச்சு வைச்சிருந்திருக்கிறார், கேக் குடுத்ததைத் தவிர.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னா. யோசிக்க நேரம் தராமல், வீட்டை கொண்டுபோக விடாமல் நெருக்கி வாங்கின கையெழுத்தை நீதிமன்றம் செல்லாது எண்டு சொல்லலாம், ஆனால் அந்த அறைக்குள்ள என்ன நடந்தது எண்டு சொல்ல இன்னொரு ஆள் வேணும், பேர்பெச்சுவா தனியச் சொன்னால் லூக்காஸ் இல்லை எண்டுவார். என்னட்டயும் அதே சொல்லைச் சொன்னவர்தானே, நான் எழுதித் தாறன் எண்டன். அப்பா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. மூண்டாம் நாள், நீ கையெழுத்துப் போடேல்லைத்தானே, உன்ர வேலை உன்னோட இருக்கு, பென்சனுக்கு இன்னும் எட்டு வருசம் கிடக்கு, ஏன் போய் மாட்டுப்படுறாய் எண்டார். அவர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு. நான் இரவில நித்திரை இல்லாமல் யோசிச்சதெல்லாம் எழுதேல்லை, பயந்தனான் எண்டு மட்டும் எழுதுறன். பயத்தோடயே எழுதிக் குடுத்தன்.

போன செவ்வாய் ஒன்பது நாப்பதுக்கு லூபெக் தொழில் நீதிமன்றத்தில ரெர்மின், வழக்குக்குக் குடுத்த நாள். முதல் நாள் சாட்சி கேக்கமாட்டினம், ஆனால் நீ கொம்பனி வக்கீலின்ர கண்ணுக்கு நேர வந்து இரு எண்டு எங்கட வழக்கறிஞர் சொன்னா, அப்பிடியே போய் இருந்தன், ஒரு பக்கம் சாண்ட்ரா. பேர்பெச்சுவா மகளின்ர கறுப்பு ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு இருந்தாள், அது தோளில பெரிசாய்க் கிடந்தது. நீதிபதி நடுவயசுப் பொம்பிளை, என்ர கடிதத்தை வாசிச்சுப்போட்டு கொம்பனி வக்கீலிட்ட ஒரு கேள்விதான் கேட்டா, "ஒரு நாள் அவ வீட்டில வைச்சு வாசிச்சிருந்தால் உங்கட கடுதாசிக்கு என்ன ஆகியிருக்கும்?" அந்த ஆள் கப்பல் நேர அட்டவணை, பரபரப்பு எண்டு கனக்கச் சொன்னார். நீதிபதி என்ர கடிதத்தை அவருக்கு முன்னால தள்ளி வைச்சா. பிறகு அவரே பத்து நிமிசம் கேட்டு வெளியில போய்ப் போன் கதைச்சிட்டு வந்து, கொம்பனி அந்தக் கையெழுத்தைத் திருப்பி விடுது, பழைய ஒப்பந்தம் அப்பிடியே இருக்கும் எண்டார்.

பேர்பெச்சுவா விளங்காமல் என்னைத் திரும்பிப் பாத்தாள், பழைய வேலைதான் எண்டு தமிழில சொன்னன், நீதிபதி சத்தம் போடேல்லை. எனக்கு அப்பவும் நம்பிக்கை இல்லை, அவை எழுதினதைக் கண்ணாடியைப் போட்டு மூண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் அவளைக் கையெழுத்துப் போட விட்டன். ஏன் இவ்வளவு கெதியில இறங்கினவை எண்டு வழக்கறிஞரைக் கேட்டன். தீர்ப்பு எண்டு ஒண்டு எழுதினால் கையெழுத்துப் போட்ட மற்றப் பதினொரு பேரும் அதைக் காட்டிக்கொண்டு வருவினம், அதுக்குப் பயந்துதான் இருக்கும் எண்டா. கொம்பனி மனமிரங்கி விடேல்லை எண்டு நான் நினைச்சது சரிதான். அந்தப் பதினொரு பேரில நாலு பேர் இப்ப சாண்ட்ராவிட்ட வழக்கறிஞரின்ர நம்பர் கேட்டிருக்கினம், மற்றவை வாய் திறக்கேல்லை.

கப்பல் புதுக் கொடியோடதான் ஓடுது. லூக்காஸ் இப்ப என்ர பேரைப் பிழையாய்ச் சொல்லுறார். என்னைக் கபினில இருந்து எடுத்து வாகனங்கள் நிக்கிற தட்டில கக்கூசு கழுவப் போட்டிருக்கு, அது தற்செயல் எண்டு சொல்லுகினம், நான் நாளும் நேரமும் ஒரு கொப்பியில எழுதி வைக்கிறன். பேர்பெச்சுவா முந்தின மாதிரித்தான் தேத்தண்ணி ஊத்தித் தாறாள், ஆனால் நேற்று ஒண்டு சொன்னாள், "அக்கா, இனி நீங்கள் சொன்னாலும் நான் போய்க் கேட்டுப்போட்டுத்தான் நம்புவன்." நல்லது எண்டன். நெஞ்சில குத்தினதுதான், ஆனாலும் நல்லது.

மற்றது, கொடி மாறினதோட சாண்ட்ராவின்ர சபை இந்தக் கப்பலில இல்லாமல் போயிட்டுது, அந்தச் சட்டம் ஜேர்மன் கொடிக்குத்தானாம். தொழிற்சங்கத்துக்குக் கப்பலுக்குள்ள ஒரு ஆள் வேணும், எந்தக் கொடி எண்டாலும் அதைத் தடுக்க ஏலாதாம், அறிவித்தல் ஒட்ட, ஆக்களைச் சந்திக்க, கேட்டுச் சொல்ல. சாண்ட்ரா மே மாதக் கடைசியில கரை வேலைக்குப் போறா. என்னைக் கேட்டவ. ஆவணியில உங்க வாறன் எண்டு சொல்லியிருந்தனான், இனி வரேலாது மிதுசா, அடுத்த வருசம் பாப்பம்.

ஆண்டவர் உங்கள் மூண்டு பேரையும் தன்ர கைக்குள்ள வைச்சிருக்கட்டும், மாதாவிட்டச் சின்னவளின்ர பேரைச் சொல்லாமல் ஒரு நாளும் நான் படுக்கிறதில்லை. அபிராமுக்கு என்ர அன்பைச் சொல்லு, நான் சந்தேகப்பட்டதைச் சொல்லவேண்டாம். ஒண்டு மட்டும் மறந்திடாதை, அப்பாவோட கதைக்கேக்க வாய் தவறிக்கூட இந்தச் சங்க விசயத்தை எடுக்காதை. சாண்ட்ராவுக்கு நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன், அவருக்கு இன்னும் தெரியாது.

உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கும் அம்மா,
அ. றீற்றா