உன் இடுப்பில் இருந்த கயிறு

நம் ஊர் அலோன் படகுத்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் பார்த்த தம்பி செல்வத்துக்கு,

'ஊழியர் தம் விருப்பத்தின்பேரில் கப்பலைவிட்டு ஓடிவிட்டார்' என்று உன் நிறுவனம் அனுப்பிய கடிதத்தை அம்மா இரண்டு ஆண்டுகளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அது பொய் என்று நான் சொன்னபோதெல்லாம் அவளுக்கு ஒரே பதில்தான்: "ஓடிப்போனவன் உசுரோட இருப்பான்டா." சட்டம் படித்த எனக்கு அதை மறுக்க மனம் வரவில்லை.

பிறகு ஜப்பானிலிருந்து திடா எழுதினாள். அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண். கடலிலிருந்து கரையேற்றப்பட்ட ஓர் உடலின் சட்டையில் நம் பர்மிய எழுத்தில் தைத்திருந்த உன் பெயரைப் படித்தவள் அவள்தான். போனேன்.

உன்னைக் கரைசேர்த்த மீனவர்களின் கோயில் மிகச் சிறியது. கடலோரப் பாறைமேல் ஒரு மர வளைவு. அதற்குப் பின்னால் நம் அரிசிப் பெட்டி அளவில் ஒரு சன்னிதி. பழக்கத்தில் வளைவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். அங்கே யாரும் கழற்றுவதில்லையாம். சரளைக்கல்லில் நான் தடுமாறுவதைப் பார்த்த மீனவர், உன்னைக் கடலிலிருந்து தூக்கிய முதியவர், தம் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். இருவரும் வெறுங்காலோடு நடந்தோம்.

கடலில் மிதந்துவரும் உடலை அவர்கள் தெய்வமாக எண்ணுகிறார்கள். தூக்குமுன் ஒருவர் அதனிடம், எங்களுக்கு நிறைய மீன் தருவாயா என்று கேட்பாராம். இறந்தவருக்காக இன்னொருவர், தருகிறேன் என்பாராம். "உங்க தம்பிகிட்டயும் கேட்டுத்தான் தூக்குனாங்களாம், ஊலே," என்று திடா பர்மிய மொழியில் சொன்னாள். ஊலே, மாமா, என்று அவள் நம் ஊர் வழக்கில் அழைத்தது அந்நியமான அந்தக் கரையில் எனக்குப் பெரிதாக இருந்தது.

சன்னிதியின் அருகில் உன் இடுப்பிலிருந்த பாதுகாப்புப் பட்டையை வைத்திருந்தார்கள். அதன் கயிறு நைந்து அறுந்திருந்தது. ஓடுகிறவன் தன்னைக் கப்பலோடு கட்டிக்கொண்டா ஓடுவான்? அந்தக் கயிற்றை உன்னிடம் கொடுத்தவர் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

ஊர் திரும்பி, அவர்கள் தந்த பட்டையை அம்மாவின் மடியில் வைத்தேன். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். மீனவர்கள் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

"அவனுக்காக இன்னொருத்தர் எதுக்குச் சொல்லணும்? அவனே சரின்னிருப்பான். யாருக்கு இல்லன்னான்?"

பிறகு தலையணைக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். "இத அவனுங்ககிட்டயே குடுத்துட்டு வா."

நாளை காலை நம் நகரின் கியாக்டடா பகுதியில் இருக்கும் உன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகிறேன். குரலை உயர்த்த மாட்டேன். 'ஓடிவிட்டார்' என்ற சொல்லை அவர்கள் தம் கையால் அடித்துத் திருத்தும்வரை நாற்காலியை விட்டு எழவும் மாட்டேன். அந்த வாசலில் செருப்பைக் கழற்றப் போவதில்லை, தம்பி.

நீ "அண்ணே" என்று அழைத்த,
சிதம்பரம்