கண்டால் சொல்லுங்கள்

மார்ச் 3, செவ்வாய்
மழையில் பாதை உடைந்த பிறகுதான் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருடைய போனிலும் இந்தப் பாதுகாப்பு ஆப் ஏறியது. எங்கே மண் சரிந்தது, எந்த பஸ் ஓடாது என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்று அதில் சுபாஜினியின் படம். எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுப் பிள்ளை. மூன்று நாளாகக் காணோமாம். புருஷன் விஜேந்திரன் போட்டிருக்கிறான்: “கண்டால் சொல்லுங்கள்.” பாவம்.

மார்ச் 5, வியாழன்
தங்கச்சியைப் பார்க்க வெலிமடைக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு மரக்கறி ஸ்டோரில் சுபாஜினி லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடத்தைக் குறித்து ஆப்பில் போட்டேன். ஐம்பது பேருக்கு மேல் நன்றி சொல்லிவிட்டார்கள். மனசு நிறைந்திருந்தது.

மார்ச் 6
விஜேந்திரன் வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்துவிட்டான்.

மார்ச் 8, ஞாயிறு
பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு மாரியாயி சொன்னாள். சுபாஜினி பதுளை ஆஸ்பத்திரியில். கை முறிந்திருக்கிறது. ஒரு காது கேட்கவில்லை. வழுக்கி விழுந்தாளாம், புருஷன் சொல்கிறான்.
“அடி தாங்காமத்தானே ஓடுனா. லயத்துக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா றோசாலி?”
தெரியாதா எனக்கு? சத்தம் கேட்டிருக்கிறேன். டீவியைக் கூட்டி வைத்திருக்கிறேன். அவ மொகத்தத் திருப்புனப்பவாவது யோசிச்சிருக்கக் கூடாதா நான் —

மார்ச் 10
என் பதிவை அழித்தேன். இனி அழித்து என்ன? நடந்ததை எழுதிப் போட்டேன். பத்து நிமிஷத்தில் அதைக் காணோம். ஆப்பைக் கவனிக்கும் ஜீவராஜ் போன் பண்ணினான். “குடும்பப் பிரச்சினையெல்லாம் இதுல வேணாங்க அக்கா. இது பாதுகாப்புக்கு.”
யாருடைய பாதுகாப்புக்கு?

மார்ச் 12
ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொண்டுபோன தோடம்பழத்தை அவள் தொடவில்லை.
“நான்தான் போட்டேன் சுபா.”
“தெரியும் அக்கா. அதக் காட்டிக் காட்டித்தான் அடிச்சாரு.”
பழத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள். “இங்க நர்சுமாரு பொலிசுக்குப் போகச் சொல்றாங்க. எனக்கு சிங்களம் வராது. கூட வர்றீங்களா?”

மார்ச் 13
ஆறு மணித்தியாலம் ஆஸ்பத்திரிப் பொலிஸ் அறையில் அவளோடு. என்னையும் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். விஜேந்திரனின் அண்ணன் இதே லயத்தில்தான் இருக்கிறான். பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19
ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவளை அனுப்பினார்கள். பெண்கள் அமைப்பிலிருந்து தயானி என்றொருத்தி வேனோடு வந்தாள். சுபாஜினி ஏறும்போது பையை என்னிடம் தந்து, உட்கார்ந்த பிறகு வாங்கிக்கொண்டாள். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.