மெதுவாகப் போகும்போது நின்றுவிடும் வண்டி

இன்று காலை வார்டில் ஒரு அம்மாவுக்கு ஊசி போடக் குனிந்தேன். என் விரலிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. சோப்பு போட்டு எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் தங்கிவிட்டிருக்கிறது. அந்த அம்மா மூக்கைச் சுளித்தாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன். உன் வண்டியின் வாசனை அது. நீ பக்கத்தில் நின்று ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு வேலை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் மகள் நித்யா போன் செய்தாள். உனக்குப் பிறகு அந்த வண்டியில்தான் அவள் வேலைக்குப் போகிறாள். உன்னைப்போலவே ஸ்கூட்டர் வேண்டாம், கியர் போட்டு ஓட்டும் பைக்தான் வேண்டும் என்கிறாள்.

"ஆன்ட்டி, சர்க்கிள்ல ஸ்லோ பண்ணேன், ஆஃப் ஆகிடுச்சு. பின்னாடி சிட்டி பஸ். டிரைவர் பிரேக் போடலேன்னா அவ்வளவுதான். அப்பாக்குத் தெரிஞ்சுபோச்சு. வண்டியத் தள்ளிவிடப் போறாராம்."

நான் சீருடையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டேன். வாசலில் உன் கணவர் நின்றிருந்தார். நீ போனபிறகு அவர் இளைத்துவிட்டார். "வாங்க சிஸ்டர்" என்றவர், வண்டியைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னொரு தடவை ரோட்டுல நின்னுச்சுன்னா நானே கொண்டுபோய் வித்துருவேன். இருக்கறது ஒரே பொண்ணு."

நான் வண்டியின் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன் அம்மாவைப் பார்க்க ஹனூருக்குப் போனோமே? நரசீபுரம் தாண்டியதும் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் வந்து மாட்டியது. முந்த இடமில்லை. அதன் பின்னால் ஊர்ந்துபோகும் ஒவ்வொரு முறையும் வண்டி விக்கி விக்கி நின்றது. சாலை காலியானால் சிட்டாகப் பறந்தது. பின்சீட்டில் இருந்த நான், பஸ்ஸில் போயிருக்கலாம் என்று புலம்பிக்கொண்டே வந்தேன்.

நீ புளியமரத்தடியில் ஓரம் கட்டினாய். "ஏண்டி ஸ்டெல்லா, வேகமாப் போனா நல்லாத்தானே போகுது? மெதுவாப் போறப்பத்தான் மூச்சு முட்டுது. அப்ப மெதுவாப் போறதுக்குன்னு இருக்கற சின்ன ஓட்டைலதான் அடைப்பு இருக்கோணும்" என்றாய். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடியிலிருந்து, பெட்ரோல் போகும் ஓட்டையுள்ள ஒரு குட்டி ஜெட்டை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாய். ஓட்டை தெரியவில்லை. ஒரு மின்வயர்த் துண்டைப் பிரித்து ஒரு செம்பு இழையை எடுத்து அதில் நுழைத்து ஊதினாய். இப்போது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. அதை என் கண்ணருகே கொண்டுவந்து காட்டினாய். "நோயாளிகிட்ட எங்க வலிக்குதுன்னு மட்டும் கேட்டாப் பத்தாது, எப்ப வலிக்குதுன்னு கேக்கோணும்" என்றும் சொன்னாய். வார்டில் நீ எப்போதும் சொல்வதுதான்.

அதே நோய்தானே என்று சனிக்கிழமை சாயங்காலம் அதே வைத்தியத்தைச் செய்தேன். நித்யா விளக்கைப் பிடித்தாள். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். உதைத்ததும் எடுத்தது. வாசலில் வைத்தே வெகுநேரம் ஓடவிட்டோம், நிற்கவில்லை. உன் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. நான் எடுத்த ஜெட்டில் அடைப்பு என்று சொல்லும்படி எதுவும் இருக்கவில்லை.

ஞாயிறு காலை மாதா கோவிலுக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்தேன். நித்யாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நஞ்சன்கூடு சாலைவரை ஓட்டினேன். போகும்போது தொல்லையில்லை. திரும்பி வரும்போது சிக்னலில் நிறுத்தியதும் என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. உதைத்தேன். எடுத்து உடனே நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். இறங்கித் தள்ளினோம்.

"பிடி ஆன்ட்டி" என்றாள் நித்யா. இந்த ஊரிலேயே வளர்ந்தவள், சொன்னது கன்னடத்தில். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். தமிழில் எழுதினால் பிடித்துக்கொள் என்றாகிறது. "அப்பா சொன்னதுதான் சரி. பிடி."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை உன் கணவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேன்."

"அவளுக்கும் அப்படித்தான் சொன்னீங்க சிஸ்டர். இன்னும் ஒரு டெஸ்ட், இன்னும் ஒரு டெஸ்ட்னு."

நித்யா உள்ளே போய்விட்டாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. உன் காய்ச்சல் எதனால் வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. டாக்டர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முடிவு வரும்போதும் ஓடிப்போய் வாங்கிவந்து உனக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. நீ மட்டும் சரியாகவில்லை. நீ போன நாள் முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எதையாவது கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது நிற்கிறது? மெதுவாகப் போகும்போது. அது மட்டுமா? சனிக்கிழமை வாசலில் அத்தனை நேரம் ஓடியதே. ஆனால் அப்போது அது சாலையில் ஓடிச் சூடேறிய என்ஜின் இல்லை. இந்த முறை நன்றாகச் சூடேறியபின் நின்றது. இது கரும்பு டிராக்டர் பின்னால் நின்ற நோய் இல்லை. உன் வைத்தியம் இதற்குப் பொருந்தாது.

"அண்ணா, சாவியக் குடுங்க. ரோட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். இங்கயே பாக்கறேன்."

அவர் கொடுத்தார். சோக்கை இழுத்து உதைத்தேன். எடுத்தது, ஒழுங்காக ஓடியது. சோக்கை விட்டதும் திணறியது. மறுபடி இழுத்தேன், சத்தம் நிமிர்ந்தது. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அதனால் பிழைக்கிறது என்றால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லை காற்று கூடிப்போயிருக்கிறது. ஜெட் சுத்தம். அப்படியென்றால் எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது.

கைப்பையில் பிரிக்காத சிரிஞ்ச் ஒன்று இருந்தது. சோப்புத் தண்ணீரை உறிஞ்சி, கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினேன். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், என்ஜின் சத்தம் மாறும். மேலே, ஒன்றுமில்லை. பக்கவாட்டில், ஒன்றுமில்லை. திணறல் சத்தம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வித்தியாசமே பிடிபடவில்லை.

"நில்லுங்க" என்றார் உன் கணவர். எப்போது பக்கத்தில் வந்து குந்தினார் என்று தெரியாது. "இப்ப விட்டீங்களே, அடியில. அங்க மறுக்கா விடுங்க."

விட்டேன். தண்ணீர் பட்ட கணம் என்ஜின் சீராகி, மறுபடி திணறியது.

"சத்தம் மாறுது" என்றார். விரலால் அந்த இடத்தைக் காட்டினார். "சிஸ்டர், இங்கதான் இருக்கு."

கழற்றி வளைத்துப் பார்த்தோம். அடிப்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மயிரிழைபோல ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூடேறினால் வாய் திறக்கிற வெடிப்பு. வேகத்தில் அந்தக் கொஞ்சக் காற்று ஒரு பொருட்டில்லை. மெதுவாகப் போகும்போதுதான் உயிரை எடுக்கிறது. அவர் அந்த ரப்பரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிறும் திறந்திருக்கும் கடை ஒன்றைத் தேடி, அவரே நடந்துபோய்ப் புதிது வாங்கி வந்தார்.

மாட்டியதும் நித்யா ஓட்டினாள். நான் பின்சீட்டில். பழக்கம், அந்த இடம்தானே எனக்கு. சர்க்கிளில் எல்லா வண்டிகளுக்கும் நடுவே நின்றோம். அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். நான் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தேன். என்ஜின் மெதுவாக, ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, வலிக்குது" என்று சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு.

கிளம்பும்போது உன் கணவர் கேட்டின் அருகே வந்தார். "காலைல அப்படிப் பேசிட்டேன்."

"இருக்கட்டும்ணா."

"அவளுக்கு என்னன்னு இன்னும் யோசிக்கிறீங்களா?"

"தினமும்."

"நானும்தான்" என்றார். "வேற யார்கிட்டயும் சொல்லல."

வண்டிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உனக்கான காரணம் இன்னும் கிடைக்காமலே என்னோடு வார்டுக்கு வருகிறது, பஸ் ஏறுகிறது, சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்காருகிறது. ஆனால் நேற்று முதல் அதை நான் மட்டும் சுமக்கவில்லை.

வரும் ஞாயிறு என்ஜினின் வால்வு இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு ஒரு தேவையும் இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது. அது அவருக்கும் தெரியும்.

"வாங்க சிஸ்டர்" என்றார். "பாத்துரலாம்."