டிஸ்கெட்டில் வைத்த சந்தனம்

நேற்று சரஸ்வதி பூசை. மகள் சந்தனக் கிண்ணத்தோடு என் மடிக்கணினிப் பக்கம் வந்தாள். பொட்டு வைக்கக் குனிந்தவளின் கையை என்னை அறியாமல் தட்டிவிட்டேன். கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் சந்தனம். "ஒரு பொட்டுதானம்மா, இதுக்குப் போயி ஏன் லா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துடைக்க உட்கார்ந்தவள், அந்த வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறதடி. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

ஈப்போவில் அந்தக் கடைவீட்டு மாடி நினைவிருக்கிறதா? தோட்டங்களின் பதிவு வேலைகளை எடுத்துச் செய்த சின்ன ஆபீஸ். முதலாளி சீனர், எல்லோருக்கும் தவுக்கே. நாம் இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, டைப்பிங் பரீட்சை பாஸானதால் பட்டணத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள். எண்பதுகளில் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, விற்றவன் இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு ஒரு தடித்த மேனுவலை மேசையில் போட்டுவிட்டுப் போனான். ரிப்பேருக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் பாலில்லாத தே ஓவை வைத்துக்கொண்டு நாமே படித்தோம். திரையில் வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் நீ நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டாய்.

எனக்குப் பொறுமை கிடையாது. திரையில் ஏதாவது வந்தால் எல்லாப் பொத்தானையும் தட்டுவேன். "அது என்ன சொல்லுதுன்னு முதல்ல படிடி. திட்டுறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு" என்பாய். ஒருநாள் மெஷின் எழும்பவே இல்லை. தவுக்கே ஆபீஸ் கூட்டுகிற அக்காவைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நீ நிதானமாகப் பார்த்து, டிரைவுக்குள் மறந்துபோய்க் கிடந்த வேறு டிஸ்கெட்டை வெளியே எடுத்தாய். அன்றைக்கு என்னிடம் சொன்னாய்: "யாரு தொட்டான்னு கேக்காத. கேட்டா பயந்து பொய் சொல்லுவாங்க. நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறுச்சுன்னு கேளு."

பிறகு அந்தப் பட்டியல் வந்தது. சிம்பாங் பூலாய் பக்கம் உங்கள் தோட்டம் கைமாறியது. லயத்தில் இருந்த முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு வீட்டு நிலம் கேட்டிருந்தார்கள். யார் எத்தனை வருஷம் பால் எடுக்க மரம் வெட்டினார்கள் என்ற விவரம் செக்ரோல் என்ற ஆள் பதிவுப் புத்தகங்களில் இருந்தது. ஐந்து வாரம் உட்கார்ந்து அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்த மறுவாரமே, தோட்டத்து ஆபீஸைக் காலி செய்தவர்கள் அவற்றை எரித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு டிஸ்கெட்டும் அதன் நகலும்தான். உன் அப்பாவின் பேரும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அச்சடித்து, பன்னிரண்டே காலுக்குள் நில ஆபீஸில் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஆபீசர் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். அன்றுதான் கடைசி நாள்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. நீ விரதம் என்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் மெஷினைத் துடைத்து, பூ வைத்து, மூன்று டிஸ்கெட்டையும் உறையிலிருந்து உருவிச் சாமி படத்துக்கு முன் அடுக்கினேன். மெஷினை எழுப்புகிற டிஸ்கெட், பட்டியல் இருந்தது, அதன் நகல். டிஸ்கெட்டின் மேல் ஒரு நீளமான திறப்பு இருக்குமே, உள்ளே தகடு தெரியுமே, அது எனக்கு நெற்றியாகத் தெரிந்தது. அங்கேதான் சந்தனம் வைத்தேன். விரல் படக்கூடாது என்று மேனுவலில் நாம் சேர்ந்து படித்த இடம் அது. சந்தனம் வைக்காதே என்று யாரும் எழுதவில்லை, ஆனால் எனக்குப் புத்தி எங்கே போனது?

காலையில் மெஷின் எழும்பவில்லை. டிரைவ் கறகறவென்று இழுத்துவிட்டு நின்றது. "ரோசாக் லா, கெட்டுப்போச்சு" என்று நான் பட்டியல் டிஸ்கெட்டை எடுத்து அடுத்த டிரைவில் போடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாய். "கைய எடு. ஒண்ணு போனது போதும். நேத்துலேருந்து என்ன மாறுச்சு?" நான் வாயைத் திறக்கவில்லை. நீ டிஸ்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். மூக்கருகே கொண்டுபோனாய். பிறகு என் கையைப் பார்த்தாய். என் நகத்துக்கடியில் சந்தனம் காய்ந்திருந்தது.

பதற்றத்தில் நான் நகலை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். காய்ந்த சந்தனம் தகட்டைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டது. அதோடு அது போயிற்று. முப்பத்தெட்டுக் குடும்பமும் மிச்சமிருந்த ஒரே டிஸ்கெட்டில் தொங்கின. அப்போது மணி ஒன்பதே முக்கால்.

நீ முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து டிரைவைத் துடைத்தாய். உன் மேசை டிராயரில் மெஷினை எழுப்புகிற டிஸ்கெட்டின் இன்னொரு நகல் இருந்தது, மேனுவல் சொன்னபடி நீ எடுத்து வைத்தது. மெஷின் எழும்பியது. பிறகு நீ செய்ததைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பட்டியல் டிஸ்கெட்டின் ஓரத்தை பிளேடால் கீறி, தகட்டை வெளியே எடுத்தாய். குழாயடியில் விளிம்பை மட்டும் பிடித்து, சோப்புத் தண்ணீரில் விரல் நுனியால் அலசினாய். "ஐயோ, தண்ணியிலயா?" என்றேன். "தண்ணி காஞ்சிரும். சந்தனம் காஞ்சா தேய்க்கும்" என்றாய். காற்றாடிக்குக் கீழே அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாய். புது டிஸ்கெட் ஒன்றைக் கீறி, அதன் கூட்டுக்குள் இந்தத் தகட்டைச் செருகினாய்.

நகலெடுக்க ஆரம்பித்தோம். பாதியில் நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி முயலவா, கண்டுகொள்ளாமல் மேலே போகவா என்று கேட்டது. நீ ரீட்ரையைத் தட்டினாய். அதே கேள்வி. மறுபடி தட்டினாய். கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது. "இக்னோர் போடுடி, ஒரு பேரு ரெண்டு பேருதானே போகும், மத்தவங்களாவது தப்பிக்கட்டும்" என்று அழுதேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய்: "யாரு வீட்ட இக்னோர் பண்ணச் சொல்ற?" டிஸ்கெட்டை வெளியே எடுத்து, தகட்டை மெல்லச் சுழற்றி, மறுபடி போட்டுத் தட்டினாய். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒரு தடவை அது நகர்ந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பியபோது மணி பதினொன்று ஐம்பது.

தவுக்கே தாளோடு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வெட்டுப்பட்ட டிஸ்கெட்டுகளைப் பார்த்து, காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நம் இருவரையும் நிறுத்தி மலாயில் கேட்டார்: "சியாபா புவாட்?" யார் செய்தது என்று. நான் சந்தன நகத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். நீ ஒரே வார்த்தை சொன்னாய். "சாயா."

நான்தான் என்று சொல்லிவிட்டாய். திங்கட்கிழமை உன்னை முன் கவுண்டருக்கு மாற்றினார். மெஷின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன். நீ மத்தியானத்தில் மாமாக் கடையில் "இன்னைக்கு என்ன சொல்லுச்சு அது?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி லூமுட்டுக்குப் போகும்போது நோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டாய். உன் அப்பாவுக்கு நிலம் கிடைத்தது. வீடு குடிபுகும் அன்று எனக்கும் சாப்பாடு போட்டாய். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அந்த நாற்காலியிலிருந்துதான் என் பிழைப்பு முழுக்க வந்தது. எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ வகை சிஸ்டம். எங்கே போனாலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் முகம் வெளுத்து நிற்பார். "யாரு தொட்டதுன்னு நான் கேக்கல. நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறுச்சு, அத மட்டும் சொல்லு" என்பேன். உடனே சொல்லிவிடுவார்கள். காப்பியக் கொட்டிட்டேன்க்கா. தெரியாம அழிச்சிட்டேன்க்கா. நீ கொடுத்த வார்த்தையை வைத்து ஊரார் வாயிலிருந்து உண்மையை வாங்கினேன். உனக்கு மட்டும் கொடுக்கவில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ கேட்கத்தான் கேட்டாய், அந்தக் காலையிலேயே, என் கையைப் பிடித்துக்கொண்டு.

என்ன மாறுச்சுன்னு கேட்டியே. சந்தனம் வச்சேன்டி. நான்தான் வச்சேன்.