பாதிப் புளியங்கொட்டை

வடசேரி பேருந்து நிலையத்தில் பேனா தேடிப் பைக்குள் கைவிட்டேன். பேனா வரவில்லை. பாதிப் புளியங்கொட்டை வந்தது. ஒரு பக்கம் பழுப்பு, பளபளப்பு. வெட்டுப்பட்ட பக்கம் வெள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. என் பேருந்து வர நேரமிருந்தது. பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அக்கா இடம் கேட்டாள். நகர்ந்து உட்கார்ந்து, கைப்பேசியில் உனக்கு எழுதத் தொடங்கினேன்.

முதலில் சக்கரம்.

வயிற்றுவலியோடு நீ கப்பல் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தாய். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் வலிக்குப் புற்றுநோய் என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நீ தூங்கிவிட்டாய். துவைக்க வேண்டியதை எடுக்க உன் அம்மா பெட்டியைத் திறந்தாள். உன் சுடிதார்களுக்கு அடியில் அது இருந்தது. ஏதோ துறைமுகக் கடையில் வாங்கிய, பந்து உருட்டிச் சூதாடுகிற சின்ன ரூலெட் சக்கரம்.

"இது என்னதுட்டி மக்களே?" என்று என்னைக் கேட்டாள்.

"அலங்காரச் சாமான்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையின் நடுவில் சக்கரம். அதன்மேல் மாங்காய், நார்த்தங்காய், இஞ்சி என்று மூன்று ஊறுகாய்ப் பாட்டில்கள். அம்மா ஒரு விரலால் தள்ளினாள். நார்த்தங்காய் உன் முன்னால் வந்து நின்றது.

"இனி யாரும் கை நீட்டாண்டாம். கப்பல்காரனுக்குப் புத்தி உண்டு, கேட்டியா."

உனக்குச் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்து, எழுந்தாய். எழும்போது இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பிக் காட்டினாய். எப்போதும் செய்வதுதான். எனக்கு அது பழகிப்போயிருந்தது. உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாடியில் சொன்னாய். "அம்மாட்ட சொல்லணும் மக்கா."

கப்பலில் வரவேற்பு மேசையில் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தாய். ஆறு வருடம் நீ நின்றது சூதாட்ட அறையில், பிரெஞ்சு ரூலெட் மேசையில் ஆட்டம் நடத்திக்கொண்டு. உன் அம்மா சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர். ஊர்த் திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்றவனைப் பார்த்தே, "சிலுவைக்கடியில ஆண்டவருக்க உடுப்புக்குச் சீட்டுப் போட்டவனுவளுக்க கூட்டாளி" என்றவள்.

"சொல்லாம இருந்தா என்ன?" என்றேன்.

"பின்ன அவளுக்கு என்னையப் பாதிதான் தெரியும். பாதிப் புள்ளையத்தான் அடக்கம் பண்ணுவா."

நீயே தொடர்ந்தாய். "மொதல்ல அவளும் இத ஆடட்டும். கை பழகின பொறவு சொல்லுகேன்."

உன் திட்டம் அவ்வளவுதான்.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பச்சை லைனிங் துணி. தையல் சாக்குக்கட்டியால் கட்டங்கள் போட்டாய். ஒன்று முதல் முப்பத்தாறு வரை. தலைமாட்டில் பூஜ்யம், ஒன்றே ஒன்று. அமெரிக்கன் மேசையில் பூஜ்யம் இரண்டு என்றாய், ஏதோ ஒழுக்கக்கேட்டைச் சொல்வது மாதிரி. ஓரத்தில் சிவப்புக்கு ஒரு கட்டம், கறுப்புக்கு ஒன்று. ஒற்றைக்கு, இரட்டைக்கு. பதினெட்டு வரை ஒன்று, அதற்குமேல் ஒன்று. பணயம் வைக்க ஆளுக்கு ஒரு நிறம், யார் வைத்தது என்று தெரிய வேண்டுமல்லவா. உனக்குப் புளியங்கொட்டை. எனக்குச் சிவப்பு மஞ்சாடி விதை.

அம்மா சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே எண்களைப் படித்தாள். "பூஜ்யம், முப்பத்திரெண்டு, பதினஞ்சு. இது யாரு எழுதினது, ரெண்டாங் கிளாசுப் பிள்ளையா?"

"அப்படித்தான் இருக்கும்மா. யாருக்கும் கணக்கு பிடிபடப்பிடாது."

சக்கரம் ஒரு பக்கம் சுழல, பந்து எதிர்ப்பக்கம் ஓடியது. பந்து தளரும்போது பிரெஞ்சில் சொன்னாய்: ரியேன் ந வா ப்ளூ. இனி வைக்க முடியாது என்று பொருள்.

"தொண்டையில மீன்முள்ளு குத்தினவன் பேசுகது மாதிரி இரிக்கு" என்றாள் அம்மா. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மருந்து ஏற ஏற உன் விரல்கள் மரத்துப்போயின. பந்தைச் சுண்ட முடியவில்லை. ஒருநாள் அது மூன்று முறை கட்டிலுக்கடியில் ஓடியது. மூன்றாவது முறை அதை எடுத்துவந்த அம்மா உன்னிடம் திருப்பித் தரவில்லை. "தள்ளி உக்காரு. நான் போடுகேன்."

அப்படித்தான் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ரூலெட் மேசைக்குப் பொறுப்பேற்றாள். பிஸ்கட் டப்பா அவளுடைய கஜானா. "இனி வைக்கப்பிடாது" என்பாள், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் குரலில். நான் ஒருமுறை தாமதமாக வைத்த மஞ்சாடியை விரலால் சுண்டி எறிந்தாள்.

நீ எப்போதும் சிவப்பில் வைப்பாய். ஒரே ஒரு கொட்டை.

ஊறுகாய் எண்ணெய் பூஜ்யத்தின் பள்ளத்தில் இறங்கியிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. பந்து அங்கே போனால் ஒட்டிக்கொண்டது. "கள்ளச் சக்கரம்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். பூஜ்யம் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. அம்மா உன் கொட்டையை எடுக்கக் கை நீட்டினாள்.

"நில்லும்மா. பிரெஞ்சு ஆட்டத்துல பூஜ்யம் விழுந்தா சிவப்புல வச்சவளுக்கு முழுசும் போகாது. பாதிதான் மேசைக்கு. பாதி அவளுக்கே திரும்பும்."

"கொள்ளாமே, நல்ல சட்டம். ஆனா ஒண்ணுதானே வச்சிருக்கே?"

இரண்டாக வை என்றோ, சில்லறைக்குச் சின்னக் கொட்டை வேண்டும் என்றோ நீ சொல்லியிருப்பாய். அதற்குள் அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். கருப்பட்டி நறுக்குகிற பாக்குவெட்டியோடு வந்தாள். கொட்டையை அதன் வாயில் வைத்து அழுத்தினாள். டக். ஒரு பாதி டப்பாவுக்குள். மறு பாதி உன் உள்ளங்கையில்.

"நியாயம்னா நியாயம்" என்றாள்.

நீ சிரித்த சிரிப்பில் தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. இத்தனை வருடத்தில் எந்த மேசையிலும் இப்படி ஒரு நியாயத்தைப் பார்த்ததில்லை என்றாய். 'எந்த மேசையிலும்' என்று சொல்லிவிட்டாய். நான் உன்னைப் பார்த்தேன். அம்மா பாக்குவெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், மழை பெய்த ஒரு மத்தியானம், நீ தொடங்கினாய்.

"அம்மா, கப்பல்ல நான் வரவேற்புல இல்ல."

"கொட்டைய வை."

"கேளும்மா. நான்..."

"தெரியும். மொத லீவுக்கு வந்தப்பவே சாப்பிட்டு எழும்பும்போது கைய ரெண்டு பக்கமும் விரிச்சுக் காட்டுனே. யாருக்கு இவ காட்டுகான்னு நெனச்சேன். இந்தச் சக்கரத்தச் சுத்தி முடிச்சப்பவும் அதே மாதிரி காட்டுனே. மனசிலாச்சு."

கையில் ஒன்றும் ஒளிக்கவில்லை என்று சூதாட்ட அறையில் மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும். மேசையைவிட்டு நகரும் ஒவ்வொரு முறையும். என்னிடம் நீ சொல்லியிருந்தாய். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"கோவமாம்மா?"

அம்மா கையிலிருந்த பந்தைத் துணிமேல் வைத்தாள். "ஆறு வருசமும் நின்னுட்டேவா வேலை?"

"ஆமா."

"உக்கார விடமாட்டானுவளா?"

"விடமாட்டாங்க."

"அதான் ஒவ்வொரு லீவுக்கும் கால் வீங்கி வந்தே. சொல்லியிருந்தா எண்ணெ தேச்சு விட்டிருப்பேனே." பிறகு பந்தை எடுத்தாள். "சரி. கொட்டைய வை. பொறவு அழலாம்."

நீ சிவப்பில் வைத்தாய். சிவப்பே விழுந்தது. அம்மா இரண்டு கொட்டையாகத் திருப்பித் தந்தாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நல்ல கை என்று நீ எனக்குக் கண்ணைக் காட்டினாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். உன் அம்மாவும் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. இரண்டு கைகளையும் குழிக்கு மேலே நீட்டினாள். உள்ளங்கை. புறங்கை. சுற்றி நின்றவர்கள் மண்ணைத் தட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

முழுசாகத்தான் அடக்கம் செய்தாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். பச்சைத் துணி விரிகிறது. உனக்காக அம்மாவே ஒரு கொட்டையைச் சிவப்பில் வைக்கிறாள். போன வாரம் பூஜ்யம். அவள் பாக்குவெட்டியை எடுத்தாள். டக். ஒரு பாதி டப்பாவுக்கு. மறு பாதியை என்னிடம் நீட்டினாள்.

"அவளுக்க பாதி. நீ வச்சிரு."

பேருந்து வந்துவிட்டது. பாதியைப் பைக்குள் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பினேன்.

முருங்கைக்காய் அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "மழ தூறுதா மக்களே?"

"இல்லக்கா" என்றேன்.

ஒன்றும் எடுத்துப்போகவில்லை என்று காட்டுகிற சைகை அது. பொய்தான். உன்னுடைய பாதி என்னிடம் இருக்கிறது.